அப்பா போகும் பகல்நேர மறுவாழ்வு நிலையம்: ஐந்து மாதம் கூடவே போய் வந்து எழுதுகிறேன்

அப்பாவுக்கு 71 வயது, துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போனது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு இந்த நிலையத்தில் சேர்த்தோம். சிங்கப்பூரின் வடக்குப் பக்கம், ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடு) புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் பாலர் பள்ளி என்றுதான் நினைப்பீர்கள். வாரத்துக்கு மூன்று நாள் போகிறார். தெரிந்தவர்கள் நான்கு பேர் தனித்தனியாக என்னிடம் "அங்கே சேர்க்கலாமா, எப்படி இருக்கிறது" என்று கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் போனில் பாதி சொல்லி பாதி விட்டுவிடுவதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சேர்க்கலாம், கட்டாயம் சேர்க்கலாம். ஆனால் சில விஷயங்களை நாமே கேட்டு வாங்க வேண்டும், அதையும் சொல்கிறேன்.

நடந்ததைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் இருக்கும், காப்பிக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பியவர் வாசலில் சாவியை இடது கையில் வைத்துத் தடவிக்கொண்டு நின்றார். அம்மா உள்ளேயிருந்து திறந்து "என்னங்க?" என்று கேட்டதற்கு "கதவு" என்றார். தண்ணீர் வேண்டுமா என்றால் "கதவு". என்னைக் காட்டி இது யார் என்று அம்மா கேட்டார், அதற்கும் "கதவு". வாயின் வலது ஓரம் கீழே இறங்கியிருந்தது. 995-க்கு அழைத்தோம், ஆம்புலன்ஸ் வந்தது, ஸ்கேன் எடுத்தார்கள், மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் ஒன்று அடைத்திருந்தது. தொடங்கிய நேரத்தை எங்களால் சரியாகச் சொல்ல முடிந்தது, நாலரை மணி நேரக் கெடு தாண்டவில்லை, அதனால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்தார்கள்.

ஆனால் அதற்கு ஒன்பது நாள் முன்னால் இன்னொன்று நடந்திருந்தது. சாப்பிட்டுவிட்டு எழுந்தவர் கையிலிருந்து கோப்பை நழுவி விழுந்து உடைந்தது. பத்து நிமிடம் வலது கை விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை, பிறகு தானாகச் சரியாகிவிட்டது. வாயுப் பிடிப்பு என்று அம்மா தைலம் தேய்த்துவிட்டார், நானும் சரி என்று வேலைக்குக் கிளம்பிவிட்டேன். அது என்ன என்று எனக்கு இந்த நிலையத்தில்தான் புரிந்தது. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை குடும்பத்தினருக்கு என்று ஒன்றரை மணி நேர வகுப்பு வைக்கிறார்கள். இந்த நிலையத்தில் எனக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் அந்த வகுப்பைத்தான் வைத்துக்கொள்வேன்.

வகுப்பை எடுப்பவர் மூத்த தாதி ஒருவர். வெள்ளைப் பலகையில் படம் போட்டு ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசுவார், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் தமிழ்ப் பெண் எங்கள் வரிசைக்குத் தமிழில் சொல்வார். மூளை நம் உடம்பு எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் இருக்கும், ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. அதில் பெரும்பகுதி செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கே போகிறதாம். ஒரு செல்லின் நுனிக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவில் சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி. மின்துடிப்பு நுனி வரைக்கும் வரும், கால்சியம் உள்ளே நுழையும், சின்னச் சின்னப் பைகளில் அடைத்து வைத்திருக்கும் ரசாயனம் அந்த இடைவெளியில் கொட்டும், அடுத்த செல் அதைப் பிடித்துக்கொண்டு தன் பங்குக்குத் துடிக்கும். பேசி முடித்ததும் வேலை தீரவில்லை, கொட்டியதை அள்ள வேண்டும், பைகளை மறுபடி நிரப்ப வேண்டும், துடிப்பின்போது உள்ளே வந்த உப்பை வெளியே தள்ள வேண்டும். இத்தனைக்கும் சக்தி வேண்டும். மூளையில் அதைச் சேமித்து வைக்க இடம் கிடையாது என்றே சொல்லலாம், அந்தந்த நொடி ரத்தம் கொண்டு வரும் ஆக்சிஜனும் சர்க்கரையும்தான் கைமுதல். ரத்தம் அடியோடு நின்றால் பத்து நொடிக்குள் நினைவு தப்பிவிடும்.

அடியோடு நிற்காமல் குறைந்தால் என்ன ஆகும் என்பதுதான் எங்களுக்கு வேண்டியது. 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 மில்லிலிட்டர் ரத்தம் வந்துகொண்டிருக்கும். அது 20-க்குப் பக்கத்தில் இறங்கினால் செல் பேச்சை நிறுத்திவிடும், ஆனால் உயிரோடு இருக்கும். 10-க்குப் பக்கத்தில் போனால்தான் உப்பைத் தள்ளும் பம்புகள் நின்று செல் சாகத் தொடங்கும். தாதி இதைச் சொன்ன விதம் எனக்கு மறக்காது. மளிகைக் கடையில் மின்சாரம் குறைந்து போனால் முதலாளி என்ன செய்வார், வாசலில் எரியும் பெயர்ப்பலகையை அணைத்துவிட்டு, உள்ளே குளிர்ப்பெட்டி மட்டும் ஓடட்டும் என்று விடுவார். தெருவில் போகிறவருக்குக் கடை மூடிய மாதிரி இருக்கும், உள்ளே சரக்கு கெடாமல் இருக்கும். மூளைச் செல்லும் அதைத்தான் செய்கிறது, அடுத்தவரோடு பேசுவதை நிறுத்திவிட்டுத் தன் உயிரைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. மருத்துவர்கள் இந்த இரண்டுங்கெட்டான் பகுதியை அரைநிழல் என்கிறார்கள், கிரகணத்தில் முழு இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் விழுமே, அந்த மாதிரி. ரத்தம் சீக்கிரம் திரும்பி வந்தால் பலகை மறுபடி எரியும், வரவில்லை என்றால் குளிர்ப்பெட்டியும் நின்றுவிடும்.

இதைக் கேட்டபோது எனக்குக் கோப்பை உடைந்த சத்தம் திரும்பக் கேட்டது. அந்தப் பத்து நிமிடம் அப்பாவின் விரலை ஆட்டும் செல்கள் செத்துப் போகவில்லை, வாயடைத்துப் போயிருந்தன, ரத்தம் திரும்பியதும் மறுபடி பேசின, நாங்கள் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். இப்படி வந்து போவதைத் தற்காலிகப் பக்கவாதம் என்கிறார்கள், அதற்கு அடுத்த சில நாள்கள்தான் பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து மிக அதிகம். அன்றைக்கே 995-க்கு அழைத்திருக்க வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள், கையோ முகமோ பேச்சோ ஐந்து நிமிடம் போய்விட்டுத் திரும்பி வந்தாலும் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

ரத்தம் வராத இடத்தில் கெடுதல் அங்கேயே நிற்பதும் இல்லை. சக்தி தீர்ந்த செல்லிலிருந்து குளுட்டமேட் என்ற ரசாயனம் கட்டுப்பாடில்லாமல் கொட்டுகிறது, நல்ல நாளில் செல்கள் பேசிக்கொள்வதே அதை வைத்துத்தான், இப்போது அள்ளுவதற்கு யாருக்கும் தெம்பில்லை, பக்கத்துச் செல்லுக்குள் கால்சியம் வெள்ளமாகப் பாய்ந்து அதையும் கெடுக்கிறது. 2006-இல் அமெரிக்க மருத்துவர் ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்னதைத் தாதி பலகையில் எழுதினார்: பெரிய குழாய் அடைத்து, சிகிச்சை இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் செல்கள், அவற்றுக்கு நடுவே இருக்கும் 1,400 கோடி இணைப்புகள் அழிகின்றன. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் மருத்துவமனைக்குப் போன வழியில் எத்தனை சிக்னலில் நின்றோம் என்று இருவரும் ஒரே நேரத்தில் யோசித்திருப்போம்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். பேச்சு அறை சின்னது, ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரில் ஒரு கண்ணாடி. முதல் நாள் அந்தப் பெண் ஒரு கரண்டியைக் காட்டி "இது என்ன அங்கிள்?" என்று கேட்டார். அப்பா கரண்டியை உற்றுப் பார்த்தார், கீழ் உதடு இரண்டு தடவை மடிந்து நிமிர்ந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, வந்தது "கதவு". தப்பு என்று அவருக்கே தெரிந்தது, தலையை வேகமாக ஆட்டினார். அந்தப் பெண் திருத்தவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஒன்று முதல் எண்ணலாமா?" என்று விரலை நீட்டினார். அப்பா எண்ணத் தொடங்கினார், மலாயில். "சத்து, துவா, தீகா, அம்பாட்" என்று பத்து வரைக்கும் தடுமாறாமல் போனார், துறைமுகத்தில் சரக்கு எண்ணிய அதே வேகம். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆறு வாரத்தில் நாங்கள் கேட்ட முதல் வேறு சொற்கள் அவை.

மந்திரம் ஒன்றும் இல்லை, அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். நினைத்து நினைத்துச் சொல்லைத் தேடி எடுப்பது ஒரு பாதை, வாய்ப்பாடு மாதிரி ஊறிப்போனது தானாக வருவது வேறு பாதை. முதல் பாதை பெரும்பாலானவர்களுக்கு இடது பக்க மூளையில் இருக்கிறது. பாரிஸில் போல் புரோக்கா என்ற மருத்துவர் 1861-இல் பார்த்த நோயாளி எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஒரே சொல்லைத்தான் சொல்வாராம், இறந்த பிறகு அவர் மூளையைத் திறந்து பார்த்தால் இடது முன்பகுதியில் சேதம். "அங்கிளுக்கு டான் இல்லை, கதவு" என்று அந்தப் பெண் என் அம்மாவிடம் சொன்னார், அதைக் கேட்டு அம்மாவுக்கு ஏதோ பெரிய பாரம் இறங்கியது. அதுவரைக்கும் அப்பாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று உறவுக்காரர்கள் சொன்னதை நம்பிக்கொண்டிருந்தார்.

ராகமும் தாளமும் வலது பக்க மூளையின் துணையோடு வருகின்றன, அதனால் சொல்லைப் பாட்டு மாதிரி இழுத்து, இடது கையால் மேசையில் தட்டிக்கொண்டே சொல்ல வைக்கும் ஒரு முறை 1970-களில் அமெரிக்காவில் உருவாகியிருக்கிறது. அதற்கு என்ன சொல்லை எடுக்கலாம் என்று அந்தப் பெண் எங்களிடம் கேட்டார். அப்பா தினமும் காலையில் சொன்ன சொல் எது என்றார். எனக்கு உடனே தோன்றியது காப்பிக்கடைதான். "தே ஓ கொசோங்." தேநீர்தான், பால் வேண்டாம், சீனி வேண்டாம், சர்க்கரை வியாதி வந்த நாளிலிருந்து அதுதான். இரண்டு ஸ்வரம்தான், ஒன்று மேலே ஒன்று கீழே, தே (தட்டு) ஓ (தட்டு) கொ (தட்டு) சோங். அப்பாவின் இடது கையை அவர் தன் கைக்குள் வைத்துத் தட்டுவார், முதலில் அவர் மட்டும் பாடுவார், பிறகு இருவரும், பிறகு பாதியில் அவர் நிறுத்திக்கொள்வார். முதல் மூன்று வாரம் "ஓ" மட்டும் வந்தது. ஐந்தாவது வாரம் "தே ஓ" வந்தது. ஏழாவது வாரம் ஒரு வியாழக்கிழமை முழுதாக வந்தது, பாட்டாகத்தான், ஆனால் வந்தது. அந்த வார இறுதியில் காப்பிக்கடைக்குக் கூட்டிப் போனோம், அப்பா மேசையில் தட்டிப் பாடினார், தேநீர் போடும் சீனப் பெரியவர் தலையாட்டிவிட்டு, தானும் அதே ராகத்தில் உள்ளே குரல் கொடுத்தார்.

இப்போது ஐந்தாவது மாதம். இரண்டு மூன்று சொல் சேர்த்துச் சொல்கிறார், "சோறு போதும்", "மழை வருது", என் பெயர் பாதி வருகிறது. களைத்துப் போனால் இன்னமும் "கதவு"தான். முழுதாகத் திரும்பி வருமா என்று கேட்டால் யாரும் உறுதி கொடுக்கவில்லை, கொடுக்காததை நான் மதிக்கிறேன்.

வீட்டில் எங்களை மாற்றியது ஒரு சின்ன விதி. கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள், அதுவரை வாயைத் திறக்காதீர்கள், சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள் என்றார்கள். செத்துப்போன இடத்தைச் சுற்றிக்கொண்டு சேதி போக வேண்டியிருக்கிறது, புது இணைப்புகள் முளைக்கும்போது அந்தப் பாதை ஒற்றையடிப் பாதைதான், நாம் நடுவில் பேசினால் பாதி வழி வந்த சொல் திரும்பிப் போய்விடுகிறது. நான் அதுவரைக்கும் உதவி என்று நினைத்து அவருடைய ஒவ்வொரு வாக்கியத்தையும் நானே முடித்துக்கொண்டிருந்தேன். பத்து எண்ணிப் பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும். அம்மாவுக்கு இது என்னைவிட நன்றாக வருகிறது.

அப்பாவோடு ஒரே வேனில் வரும் பெரியம்மா ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், பக்கவாதம் வந்தால்தான் இந்த ரத்தக் குறைவு நமக்குச் சம்பந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அவருக்கு அப்படி ஒரு நாளும் வந்ததில்லை. பல வருடமாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும், மூளைக்குள் ஓடும் மெல்லிய குழாய்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துச் சுருங்கிவிட்டன, எம்ஆர்ஐ படத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். நினைவு ஓரளவு இருக்கிறது, ஆனால் நாம் இரண்டாவது கேள்வி கேட்கும்போது முதல் கேள்விக்குப் பதில் வரும். மூளையின் ஒரு பகுதியையும் இன்னொன்றையும் இணைக்கும் நீளமான இழைகளுக்கு மேலே மயலின் என்ற உறை இருக்கிறது, சேதி வேகமாக ஓடுவது அதனால்தான், அந்த உறையைப் பராமரிக்கும் செல்கள் ரத்தக் குறைவைத் தாங்காதவை. மூளையின் மேல்பக்கத்துச் செல் நன்றாக இருந்தாலும் கம்பி மாதிரியான இந்த இழை நைந்துபோனால் சேதி தாமதமாகப் போகிறது, சில சமயம் போய்ச் சேருவதே இல்லை. அவர் மருமகள் என்னிடம் சொன்னார், "அத்தை சோம்பேறியாகிவிட்டார் என்று இரண்டு வருடம் கோபப்பட்டேன் அக்கா." இப்படி எத்தனை வீட்டில் நடக்கிறதோ.

அதனால்தான் ஒவ்வொரு நாளும் பயிற்சிக்கு முன் ரத்த அழுத்தம் பார்த்து ஒரு நீல நிறப் புத்தகத்தில் எழுதுகிறார்கள், அதை நாங்கள் பலதுறை மருந்தகத்துக்கு எடுத்துப் போகிறோம், அங்கே டாக்டர் அதைப் பார்த்துத்தான் மாத்திரையைக் கூட்டினார், குறைத்தார். 2019-இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழே வைக்கச் சிகிச்சை பெற்றவர்களிடம் லேசான அறிவாற்றல் குறைபாடு குறைவாகவே வந்தது. அந்த எண் எல்லோருக்கும் பொருந்தாது, வயதானவர்களுக்கு அதிகம் இறக்கினால் தலைசுற்றி விழவும் செய்யலாம், ஆகவே நீங்களாக எதையும் மாற்றாமல் புத்தகத்தைக் காட்டிக் கேளுங்கள்.

கைப்பயிற்சி நன்றாகவே இருக்கிறது. நல்ல கையில் தடித்த உறை மாட்டிவிட்டு, வலது கையால் துணி மாட்டும் கிளிப்பை எடுத்து டின் விளிம்பில் குத்தச் சொல்கிறார்கள். அப்பா வாரத்துக்கு வாரம் எத்தனை கிளிப் என்று விரலால் காட்டுவார்.

இனி குறைகள். முதல் குறை காத்திருப்பு. பெயர் கொடுத்து இடம் கிடைக்க ஆறு வாரம் ஆனது. பக்கவாதத்துக்குப் பிறகு முதல் மூன்று மாதத்தில்தான் தேறுவது வேகமாக இருக்கும் என்று அவர்களே வகுப்பில் சொல்கிறார்கள், அதில் பாதியை நாங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்து கழித்தோம், இது எனக்கு இன்னமும் ஆறவில்லை. காத்திருக்கும் குடும்பத்துக்கு இரண்டு பக்கத்தில் வீட்டுப் பயிற்சி எழுதிக் கொடுத்திருந்தால்கூடப் போதும்.

இரண்டாவது, பேச்சு அறைக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் நடுவில் மெல்லிய தடுப்புதான். அந்தப் பக்கம் தொலைக்காட்சியும் சைக்கிள் இயந்திரமும் ஓடிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்டவர்களுக்குப் பின்னால் சத்தம் இருந்தால் பேச்சைப் பிரித்துக் கேட்பதே கஷ்டம். நான் இரண்டு முறை சொன்ன பிறகு தொலைக்காட்சியைக் குறைத்தார்கள், சைக்கிள் குறையவில்லை.

மூன்றாவது, தமிழ். கொடுக்கும் தமிழ்த் துண்டறிக்கையைப் படித்து யாராலும் ஒன்றும் புரிந்துகொள்ள முடியாது, இயந்திரத்தில் போட்டு எடுத்து யாரும் திருப்பிப் பார்க்காமல் அச்சடித்திருக்கிறார்கள். வீட்டில் பழகச் சொல்லும் கைப்பேசிச் செயலியும் ஆங்கிலத்தில்தான். அறுபது வருடம் தமிழில் சமையலறையைப் பார்த்தவருக்கு ஆங்கிலத்தில் கரண்டியைக் காட்டி என்ன பயன்? சொல் தமிழில்தான் தொலைந்தது, அதை அங்கேதான் தேட வேண்டும். கடைசியில் நானே எங்கள் வீட்டுச் சாமான்களைப் படம் எடுத்து, அம்மா குரலில் பெயரைப் பதிந்து வைத்தேன், அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு அப்படியே பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார். குறை அவருடையது இல்லை, அவர் ஒருவர்தான் இருக்கிறார்.

வேன் சில நாள் நாற்பது நிமிடம் தாமதமாக வரும். குளிர் அதிகம், சட்டைக்கு மேலே ஒன்று கொடுத்து அனுப்புங்கள். மதியச் சாப்பாடு பரவாயில்லை, சைவம் வேண்டுமென்றால் முதல் நாளே சொல்ல வேண்டும். கட்டணம் வீட்டு வருமானத்தைக் கணக்குப் பார்த்து அரசாங்கச் சலுகை போகத்தான், அதற்கான படிவத்தை மருத்துவமனையில் இருக்கும்போதே சமூக சேவை அதிகாரியிடம் கேட்டு நிரப்பிவிடுங்கள், வீட்டுக்கு வந்த பிறகு அலைய வேண்டாம்.

தமிழில் பேச்சுப் பயிற்சி செவ்வாய், வியாழன் இரண்டு நாள் மட்டும்தான். பெயர் கொடுக்கும்போதே அந்த நாள்களைக் கேளுங்கள், காலை பத்து மணிக்கு முன்னால் நேரம் வாங்குங்கள், மதியத்துக்கு மேல் அவர்கள் களைத்துவிடுகிறார்கள், சைக்கிளும் அப்போதுதான் அதிகம் ஓடும்.